நாடு, தேசம், அரசு: மூன்றும் ஒன்றா?

3 பிப்ரவரி (வாசகர் ஒருவரின் கேள்வி)

நாடு, தேசம், அரசு என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு நாம் வீணாகக் குழப்பிக்கொள்கிறோம் என்பது என் கருத்து. ஐ.நா. சபையில் இடம் பெற்றிருப்பது நாடு, அதில் வாழும் மக்கள் தேசம், அதை ஆள்வது அரசு. ஒன்றையே மூன்று பக்கமிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். வேறு வேறு என்பவர்கள், ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத எடுத்துக்காட்டு ஒன்றையாவது காட்டட்டும்.

3 பிப்ரவரி, இரவு

போலந்து. 1772, 1793, 1795 ஆகிய மூன்று பங்கீடுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் அதை முழுமையாகப் பிரித்து எடுத்துக்கொண்டன. இடையில் நெப்போலியன் அமைத்த வார்சா டச்சி (சிற்றரசு) போன்ற சார்பு ஆட்சிகள் தோன்றி மறைந்தனவேயன்றி, 1918 வரை, அதாவது 123 ஆண்டுகள், போலந்து என்ற இறையாண்மை பெற்ற அரசு உலகில் இல்லை. ஆனால் 1830இலும் 1863இலும் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் யார் என்று கேட்டால் போலந்துக்காரர்கள் என்றுதான் சொல்ல முடியும். அரசு இல்லாத நூற்றாண்டில் தேசம் இருந்தது. அரசு இருந்த காலத்தைவிடத் தீவிரமாக இருந்தது என்றும் சொல்லலாம்.

எனவே மூன்றையும் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். நாடு என்பது முதலில் நிலம்: எல்லையும் பெயரும் உடைய ஒரு பரப்பு. தேசம் என்பது தங்களை ‘நாம்’ என்று எண்ணிக்கொள்ளும் மக்கள் திரள். அரசு என்பது அந்த நிலத்தில் சட்டம் இயற்றவும், வரி தண்டவும், எல்லையைக் காக்கவும், பிற அரசுகளோடு ஒப்பந்தம் செய்யவும் உரிமை கோரும் நிலையான அமைப்பு. தேர்தலுக்குத் தேர்தல் மாறுவது அரசாங்கம், அரசு அன்று. கூட்டாட்சியின் உறுப்பாகிய மாநிலங்களும் இங்கே பேச்சில் இல்லை.

4 பிப்ரவரி

ஐ.நா. உறுப்புரிமையை அளவுகோலாகக் கொள்வதில் உள்ள சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதையே இறுதித் தீர்ப்பாக நினைக்கிறார்கள். 1945இல் ஐ.நா. தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் இந்தியா இருந்தது. அப்போது அது பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. 1946இல்தான் விடுதலை பெற்ற பிலிப்பைன்ஸும் இருந்தது. சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகளாகவே இருந்த உக்ரைனும் பைலோரஷ்யாவும் (இன்றைய பெலாரஸ்) தனித்தனி இடங்களில் அமர்ந்திருந்தன. மறுபுறம், ஐரோப்பாவின் மிகப் பழைய அரசுகளுள் ஒன்றான சுவிட்சர்லாந்து 2002 வரை உறுப்பினராகவே இல்லை. 2001இல் சுவிட்சர்லாந்து ஓர் அரசு இல்லை என்று எவரும் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

இன்று உறுப்பினர்கள் 193. பார்வையாளர் நிலையில் போப்பின் ஆட்சிப்பீடமாகிய திருஆட்சிப்பீடமும், 2012 முதல் பாலஸ்தீனமும் இருக்கின்றன. ஆனால் நாடுகளுக்குக் குறியீடு வழங்கும் ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் பட்டியலில் 249 பெயர்கள் உள்ளன. அவற்றுள் அண்டார்க்டிகாவும், மனிதர் நிரந்தரமாக வாழாத பூவே தீவும் அடங்கும். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பில் 211 உறுப்பினர்கள், ஒலிம்பிக் குழுக்கள் 206. இந்த எண்களில் எது சரி என்று வாதாடுவது பயனற்றது. ஒவ்வொரு பட்டியலும் வெவ்வேறு பொருளை எண்ணுகிறது.

6 பிப்ரவரி

இந்த வேறுபாடு வெறும் பாடநூல் நுணுக்கம் அன்று என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு என் பழைய வேலை ஒரு காரணம். வெளிநாடுகளிலிருந்து படிக்க வரும் மாணவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பணியில் சில காலம் இருந்தேன். படிவத்தில் ‘பிறந்த நாடு’ என்று ஒரு கட்டம், ‘குடியுரிமை’ என்று ஒரு கட்டம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலும் ஒரே பெயர் வரும். அப்போது யாரும் நின்று யோசிப்பதில்லை. நின்று யோசிக்க வைத்தது ஒரு கடவுச்சீட்டு. அதன் அட்டையில் லாட்வியக் குடியரசின் பெயரும் சின்னமும் இருந்தன. சான்றிதழின்படி மாணவி லாட்வியத் தலைநகர் ரீகாவில் பிறந்தவர். ஆனால் குடியுரிமைக் கட்டத்தில் அவர் லாட்வியா என்று எழுதவில்லை, ரஷ்யா என்றும் எழுதவில்லை; ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். அவர் வைத்திருந்தது லாட்வியா தன் ‘குடிமகன் அல்லாதோருக்கு’ வழங்கும் கடவுச்சீட்டு. சோவியத் காலத்தில் அங்கே குடியேறியவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த தனி நிலை அது. அங்கே நிரந்தரமாக வாழலாம், வெளிநாட்டில் லாட்வியத் தூதரகத்தின் உதவியைப் பெறலாம், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது.

அவருடைய நாடு எது? பிறந்து வளர்ந்த நிலம் என்று கேட்டால் லாட்வியா. தேசம் எது? மொழியாலும் குடும்பத்தாலும் ரஷ்யர் என்று அவரே சொல்லக்கூடும், சொல்லாமலும் போகலாம். அரசு எது? அந்தக் கோடுதான் விடை. எங்கள் கணினியோ அந்தக் கட்டத்தில் கோட்டை ஏற்றுக்கொள்ளாது. பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

6 பிப்ரவரி, பிற்பகல்

மேற்கண்டதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. சோவியத் ஒன்றியம் 1932இன் இறுதியில் கொண்டுவந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டில் ‘தேசிய இனம்’ என்று தனி வரி இருந்தது. எல்லாரும் சோவியத் குடிமக்கள்தாம். ஆனால் அந்த வரியில் ரஷ்யர், உக்ரைனியர், ஆர்மீனியர், யூதர் என்று எழுதப்பட்டிருக்கும். பெற்றோர் இருவரும் வெவ்வேறு இனத்தவராயின், பதினாறு வயதில் கடவுச்சீட்டு பெறும்போது இருவருள் ஒருவருடையதைத் தேர்ந்துகொள்ளலாம். அரசும் தேசமும் வேறு என்பதை ஓர் அரசே அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருந்தது. யூதர் என்று எழுதப்பட்ட ஒருவருக்கு வேலையிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் அந்த ஒற்றைச் சொல் எத்தனை கதவுகளை அடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது.

9 பிப்ரவரி

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: அரசு என்று ஒன்றை ஏற்க எழுதப்பட்ட விதி உண்டா? உண்டு, ஆனால் அது முடிவான விதி அன்று. 1933 டிசம்பரில் உருகுவேயின் தலைநகர் மொண்டேவிடேயோவில் அமெரிக்கக் கண்டத்து அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல். அதன் மூன்றாம் பிரிவு, மற்றவர்கள் அங்கீகரித்தாலும் அங்கீகரிக்காவிட்டாலும் அரசின் இருப்பு அதைச் சார்ந்ததன்று என்கிறது.

படிக்க நன்றாக இருக்கிறது. இதைச் சோமாலிலாந்தின் மேல் வைத்துப் பாருங்கள். 1991 மே மாதம் சோமாலியாவிலிருந்து தனித்து நிற்பதாக அறிவித்தது. அதற்குச் சொந்த நாணயம் உண்டு, காவல்துறை உண்டு, தேர்தல்கள் உண்டு. 2010இல் தேர்தலில் தோற்ற அதிபர் எதிர்க்கட்சிக்கு ஆட்சியை விட்டுக்கொடுத்தார். நான்கு தகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டலாம். ஆயினும் 2025 டிசம்பரில் இஸ்ரேல் ஏற்கும் வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐ.நா. உறுப்பினர் ஒருவர்கூட அதை அரசாக ஏற்கவில்லை. அதே காலத்தில் தலைநகரையே கட்டுக்குள் வைத்திருக்க முடியாமல் தவித்த மொகதிஷு ஆட்சிகளின் பெயரால் சோமாலியாவின் ஐ.நா. இடம் அப்படியே இருந்தது. தகுதி ஒரு பக்கம், இடம் மற்றொரு பக்கம்.

தைவான் இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 2.3 கோடி மக்கள், சொந்தப் படை, சொந்த நாணயம், போட்டி மிகுந்த தேர்தல்கள். 1971 அக்டோபரில் ஐ.நா.வில் அதுவரை தைவான் ஆட்சி வைத்திருந்த சீனாவின் இடம் பெய்ஜிங்குக்குப் போனது. அதன்பின் உலக வணிக அமைப்பில் அது 2002இல் ‘தனிச் சுங்கப் பகுதி’ என்ற பெயரில் சேர்ந்தது. ஒலிம்பிக்கில் ‘சீனத் தைபே’ என்ற பெயரில் அணிவகுக்கிறது. நாள்தோறும் அரசு செய்யும் அத்தனையும் அங்கே நடக்கின்றன. அரசு என்று அழைப்பது மட்டும், ஒரு சில அரசுகளைத் தவிர, வேறெங்கும் நடப்பதில்லை.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதை இன்னும் நெருக்கிச் சொல்ல விரும்புகிறேன். அங்கீகாரம் அரசை உண்டாக்குகிறது என்பவர்கள் ஒரு சாரார், ஏற்கெனவே இருப்பதை அது ஒப்புக்கொள்கிறது, அவ்வளவே என்பவர்கள் மறு சாரார். சட்ட அறிஞர்கள் நீண்ட காலமாக இந்த இரண்டு கட்சியாகவே நிற்கிறார்கள். நான் இரண்டாம் கட்சியை நோக்கிச் சாய்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அங்கீகாரம் அரசைப் படைப்பதில்லை என்றாலும், அரசின் மக்கள் எங்கே போக முடியும், யாரிடம் கடன் வாங்க முடியும், எந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியும் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. கொசோவோ 2008இல் செர்பியாவிடமிருந்து விடுதலையை அறிவித்தது, அந்த அறிவிப்பு பன்னாட்டுச் சட்டத்தை மீறவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2010இல் ஆலோசனைக் கருத்து சொன்னது, கால்பந்திலும் ஒலிம்பிக்கிலும் இடம் கிடைத்தது, ஐ.நா.வில் இன்னும் இல்லை. பாதுகாப்புச் சபையின் பரிந்துரை வேண்டும், அங்கே ரஷ்யாவிடம் தடுப்பதிகாரம் இருக்கிறது. இதில் கொசோவோவின் தகுதியைப் பற்றிய ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?

10 பிப்ரவரி, இரவு

எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றையும் 1940இல் சோவியத் ஒன்றியம் இணைத்துக்கொண்டதை அமெரிக்கா ஒருபோதும் ஏற்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றின் தூதர்கள் வாஷிங்டனில் தூதர்களாகவே நடத்தப்பட்டார்கள். நிலமும் ஆட்சியும் மாஸ்கோவின் கையில். அரசோ காகிதத்தில், ஒரு தூதரகக் கட்டடத்துக்குள். 1991இல் எஸ்டோனியாவும் லாட்வியாவும் புதிய அரசு தோன்றியதாக அறிவிக்கவில்லை, பழைய அரசு மீண்டது என்றன. அதனால்தான் 1940க்கு முந்திய குடிமக்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தானாகத் திரும்பி வந்தது. இடையில் வந்தவர்கள் வெளியே நிற்க நேர்ந்தது. ஆறாம் தேதி நான் எழுதிய கோட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

13 பிப்ரவரி

‘ஒரே மொழி, ஒரே மதம், ஒரே இனம் என்றால் தேசம் ஒன்றாகிவிடும், தேசம் ஒன்றானால் அரசும் ஒன்றாகிவிடும்’ என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மறுபடியும் சோமாலியாவுக்கே போகிறேன், ஏனெனில் இந்தக் கூற்றின் இரண்டு பாதியையும் அந்த ஒரே இடத்தில் வைத்துச் சோதிக்க முடியும்.

சோமாலியக் கொடியில் நீல நிறத்தின் நடுவே ஒரு வெள்ளை நட்சத்திரம், ஐந்து முனைகள். ஒவ்வொரு முனையும் சோமாலியர் வாழும் ஒரு பகுதியைக் குறிக்கிறது: இத்தாலியர் ஆண்ட தெற்கு, பிரித்தானியர் ஆண்ட வடக்கு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட இன்றைய ஜிபூட்டி, எத்தியோப்பியாவில் உள்ள ஒகடேன், கென்யாவின் வடகிழக்கு. அதாவது தேசம் ஐந்து முனை, அரசுக்குக் கிடைத்தது இரண்டு முனை. மீதி மூன்றும் அயல் எல்லைக்குள். 1977இல் ஒகடேனுக்காக எத்தியோப்பியாவோடு நடந்த போர் இந்தக் கொடியின் பொருளை நிறைவேற்ற எடுத்த முயற்சிதான். அது தோல்வியில் முடிந்தது.

இப்போது மறுபாதி. இணைந்திருந்த இரண்டு முனைகளுள் ஒன்றுதான் சோமாலிலாந்து. 1960 ஜூன் 26 அன்று பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்று, ஜூலை முதல் நாள் தெற்கோடு தன் விருப்பத்தோடு சேர்ந்தது. மொழி ஒன்று, சமயம் ஒன்று, இனம் ஒன்று. முப்பது ஆண்டுக் கூட்டு வாழ்வுக்குப் பிறகு, எண்பதுகளின் இறுதியில் சொந்த அரசின் விமானங்களே சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கேசாவின் மேல் குண்டு வீசிய பிறகு, அந்த மக்கள் தனி அரசு வேண்டும் என்றார்கள். தேசத்தின் ஒரு பகுதி எல்லைக்கு வெளியே இருந்து ஏங்கியது. எல்லைக்குள் இருந்த ஒரு பகுதி வெளியேற விரும்பியது. ஒரே மொழி பேசுவது தேசத்துக்கு உதவும், சந்தேகமில்லை. ஓர் அரசின் கீழ் சேர்ந்து வாழ்வதற்கு அது போதாது. நம்மை இந்த அரசு காக்கும் என்ற நம்பிக்கை வேண்டும்.

நான்கு மொழிகளோடு சுவிட்சர்லாந்து நிலைத்திருப்பதை இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்கலாம்.

14 பிப்ரவரி

அப்படியானால் ஓர் அரசுக்குள் பல தேசங்கள் இருக்கலாமா என்ற கேள்விக்கு அரசுகளே வெவ்வேறு விடை எழுதி வைத்திருக்கின்றன. ஸ்பெயினின் 1978 அரசமைப்பு, தேசம் ஒன்றே, அது பிரிக்க முடியாதது என்று சொல்லிவிட்டு, அதே பிரிவில் ‘தேசிய இனங்கள்’ என்ற சொல்லையும் ஏற்று அவற்றுக்குத் தன்னாட்சி அளிக்கிறது. கனடாவின் மக்களவை 2006இல் கியூபெக் மக்கள் ‘ஒன்றுபட்ட கனடாவுக்குள் ஒரு தேசம்’ என்று தீர்மானம் நிறைவேற்றியது. பொலிவியா 2009இல் தன் பெயரையே பன்தேச அரசு என்று மாற்றிக்கொண்டது. இவற்றுள் ஸ்பெயினின் வாசகம்தான் எனக்கு மிகவும் சங்கடமானதாகத் தோன்றுகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் தனி அரசு கேட்டு 2017இல் வெடித்த நெருக்கடிக்கு அந்தப் பிரிவு மட்டுமே காரணம் அன்று, ஆனால் இரு தரப்பும் அதையே மேற்கோள் காட்டின.

குர்துகளுக்குச் சொந்த அரசு கிடைக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் ஒட்டோமான் பேரரசோடு செய்யப்பட்ட 1920 செவ்ரெஸ் ஒப்பந்தம் அவர்களுக்குத் தன்னாட்சியைக் குறிப்பிட்டது. 1923 லொசான் ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சே இல்லை. துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று நான்கு எல்லைகளுக்குள் அந்தத் தேசம் கிடக்கிறது. இராக்கின் வடக்கில் மட்டும், 2005 அரசமைப்பின்படி, தன்னாட்சிப் பகுதி ஒன்று இருக்கிறது.

17 பிப்ரவரி

நாடு என்னும் முதற்சொல்லை இதுவரை ஓரத்தில் விட்டுவிட்டோம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கும் நாடுகள், அரசு ஒன்று. 1872இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கால்பந்து ஆடியதால் இன்றும் தனித்தனி அணிகள், ஒலிம்பிக்கில் ஒரே அணி. 2014இல் ஸ்காட்லாந்து மக்கள் தனி அரசு வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அந்த வாக்களிப்புக்குப் பின் ஸ்காட்லாந்து நாடாக இருப்பது குறையவும் இல்லை, தேசமாக இருப்பது குறையவும் இல்லை. நெதர்லாந்து முடியரசும் அப்படியே: 2010 அக்டோபர் முதல் நெதர்லாந்து, அரூபா, கியூரசாவ், சின்ட் மார்ட்டென் என்று நான்கு நாடுகள், ஓர் அரசு.

நிலமும் அரசும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொள்ள முடியும் என்பதைப் பார்க்க, பார்லே என்னும் ஊரைச் சொல்வேன். பெல்ஜியத்துக்குரிய 22 நிலத்துண்டுகள் அங்கே நெதர்லாந்தால் சூழப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் உள்ளே மறுபடியும் நெதர்லாந்துக்குரிய துண்டுகள். நடைபாதைக் கற்களில் வெள்ளைச் சிலுவைக்குறிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அந்த வரிசை ஒரு கடையின் சுவரில் முட்டி, மறுபக்கம் வெளியே வரும். வீட்டின் வாசற்கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்த அரசுக்கே அந்த வீடு உரியது என்பது வழக்கம். வாசலின் நடுவிலேயே கோடு ஓடும் வீடு ஒன்றுக்கு இரண்டு கதவெண்கள் உண்டு. அங்கே வாழ்பவர்களுக்கு ஊர் ஒன்று, மொழி ஒன்று, காவல்துறை இரண்டு, நகராட்சி இரண்டு.

17 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

அரசே இல்லாத நிலம் உண்டா என்று கேட்டவருக்கு: எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே பீர் தவீல் என்னும் ஏறத்தாழ 2,060 சதுர கிலோமீட்டர் பாலைப்பரப்பு இருக்கிறது. 1899ஆம் ஆண்டின் எல்லைக்கோட்டை எகிப்தும், 1902ஆம் ஆண்டின் கோட்டைச் சூடானும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடலோரமுள்ள ஹலாயிப் இரண்டுக்கும் வேண்டும். அதைத் தரும் கோடு பீர் தவீலை மறு தரப்புக்கு விடுவதால், அதைக் கோருகிறவர் பீர் தவீலைக் கோர முடியாது. எனவே அதை எவரும் கேட்பதில்லை.

நிலமே இல்லாமல் அரசைப் போல் நடப்பதும் உண்டு. 1870இல் உரோமை நகரை இத்தாலி எடுத்துக்கொண்டதிலிருந்து வத்திக்கான் நகர அரசை உண்டாக்கிய 1929 லாத்தரன் ஒப்பந்தம் வரை திருஆட்சிப்பீடத்துக்கு ஆட்சி செய்ய ஒரு சாண் நிலமில்லை. ஆனாலும் தூதர்களை ஏற்றது, அனுப்பியது. இன்றும் தூதர்கள் நியமிக்கப்படுவது திருஆட்சிப்பீடத்துக்கே, வத்திக்கான் நகர அரசுக்கு அன்று.

20 பிப்ரவரி

அரசு சாகும்போது என்ன நடக்கிறது என்ற கேள்வி வந்திருக்கிறது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது ரஷ்யா அதன் தொடர்ச்சியாக ஏற்கப்பட்டது. பாதுகாப்புச் சபையின் நிரந்தர இடம் பெயர்ப்பலகை மாற்றத்தோடு கைமாறியது. அடுத்த ஆண்டே யூகோஸ்லாவியா உடைந்து, செர்பியாவும் மொண்டெனேகுரோவும் அதே உரிமையைக் கேட்டபோது, தானாகத் தொடர முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று பாதுகாப்புச் சபை கூறியது. 2000இல்தான் புதிய உறுப்பினராக உள்ளே வந்தது. இரண்டும் உடைந்த கூட்டாட்சிகள்தாம். வேறுபாட்டுக்குச் சட்டக் காரணங்கள் சொல்லலாம்: ரஷ்யாவின் கோரிக்கைக்குப் பெரும்பாலான மற்றக் குடியரசுகள் இசைந்தன, யூகோஸ்லாவியாவில் இசையவில்லை. அணு ஆயுதங்கள் யாரிடம் இருந்தன என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இடையில் சிக்கியவர்களுள் விண்வெளி வீரர் செர்கேய் கிரிகல்யோவ் ஒருவர். 1991 மே மாதம் சோவியத் ஒன்றியத்திலிருந்து மேலே போனார். 1992 மார்ச்சில் சுதந்திர கசகஸ்தானில் இறங்கினார். நாடு, அதாவது நிலம், அவர் கிளம்பிய அதே புல்வெளிதான்.

22 பிப்ரவரி

எல்லா அரசுகளும் கைவிட்டவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். 1954ஆம் ஆண்டு உடன்படிக்கை நாடற்றவரை வரையறுக்கும்போது, எந்த அரசும் தன் சட்டத்தின்படி தன் குடிமகனாகக் கருதாதவர் என்கிறது. கவனியுங்கள்: அவருக்கு நிலம் இல்லை என்று அது சொல்லவில்லை, இனம் இல்லை என்றும் சொல்லவில்லை. பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் வாழ்ந்தும் நாடற்றவராக இருக்க முடியும். மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் ரோஹிங்கியா மக்களுக்கு நேர்ந்தது அதுதான். நாடும் தேசமும் இருந்து அரசு மட்டும் மறுத்தால், பிறப்பைப் பதிவது முதல் எல்லையைக் கடப்பது வரை எதுவும் நடவாது. அதனால்தான் இந்த வேறுபாட்டைத் தேவையற்ற நுணுக்கம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1922இல் நான்சென் கடவுச்சீட்டு என்ற ஒன்று உருவானது, அரசின் காப்பை இழந்த ரஷ்ய அகதிகளுக்காக. எந்த அரசும் தன் குடிமக்களாக ஏற்காதவர்களுக்கும் கையில் ஒரு தாள் வேண்டும் என்று அன்றே சிலருக்குப் புரிந்திருந்தது.

குடியுரிமைக்குள்ளும் படிகள் உண்டு. அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான அமெரிக்க சமோவாவில் பிறந்தவரின் அமெரிக்கக் கடவுச்சீட்டில், இவர் அமெரிக்க நாட்டினர், ஆனால் அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்று ஒரு குறிப்பு இருக்கும்.

26 பிப்ரவரி

முதலில் கேட்டவர் திரும்ப வந்து, ‘சரி, மூன்றும் வேறு என்றே வைத்துக்கொள்வோம், நிலமே அழிந்துபோனால் மற்ற இரண்டும் நிற்குமா?’ என்கிறார். இதற்கு விடை இப்போதுதான் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

துவாலு பசிபிக்கில் தாழ்ந்த பவளத் தீவுகளின் கூட்டம், மக்கள் ஏறத்தாழ 11,000 பேர். கடல் மட்டம் உயர்ந்தால் வாழத் தகாததாகும் முதல் இடங்களுள் அதுவும் ஒன்று. 2023இல் அது தன் அரசமைப்பைத் திருத்தி, நிலப்பரப்பை இழந்தாலும் துவாலு அரசு என்றும் நிலைத்திருக்கும் என்று எழுதிக்கொண்டது. தானே எழுதிக்கொண்டால் போதுமா என்று கேட்கலாம். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியா துவாலுவோடு செய்துகொண்ட ஒப்பந்தம், கடல் மட்ட உயர்வு என்ன செய்தாலும் துவாலுவின் அரசுநிலை தொடரும் என்று ஏற்றுக்கொண்டது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் காலநிலை ஆலோசனைக் கருத்தில், ஓர் அரசு நிலைபெற்றுவிட்ட பிறகு அதன் கூறுகளுள் ஒன்று மறைவதால் மட்டும் அது அரசாக இருப்பதை இழந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று கூறியது. மொண்டேவிடேயோவின் நான்கு தகுதிகள் உள்ளே நுழைவதற்கே, தங்குவதற்கு அல்ல என்று இதைப் புரிந்துகொள்கிறேன். 1940க்குப் பின் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய பால்டிக் அரசுகளுக்கு நடந்ததும் இதற்கு ஆதரவாகவே நிற்கிறது.

அரசு நிற்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். என் கவலை தேசத்தைப் பற்றியது. அந்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வரலாம்; துவாலுக் குடியுரிமையை விட வேண்டியதில்லை. இறையாண்மையைச் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்த 280 பேரின் பிள்ளைகள் துவாலு மொழியை எந்தப் பள்ளியில் படிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத முடியாது.